தெருவைப் பார்த்து நின்ற வண்டி

"அந்த ஜிலேபி எத்தனை செகண்டும்மா எரியும்?"

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள். கையில் செய்தித்தாள் இருந்தது. அதை மடித்தபடியே, பால் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். என் கையிலிருந்த கரண்டி மாவுக்குள் நழுவி விழுந்தது.

ஜிலேபி எங்கள் வீட்டுச் சொல். எங்களுடையது பதினெட்டு வருடப் பழைய டீசல் கார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்து இன்ஜின். சாவியைப் பாதி திருப்பினால் மீட்டர்களுக்கு நடுவில் சுருள் சுருளாக ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இன்ஜினுக்குள் ஹீட்டர் பிளக்குகள் சூடாகின்றன என்று அர்த்தம். அது அணைந்த பிறகுதான் சாவியை முழுதாகத் திருப்ப வேண்டும். மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்தாள். பிறகு என் கணவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோதுகூட, "ஜிலேபி போச்சா? ம், இப்ப திருப்பு" என்றுதான் சொல்வார்.

"தெரியலையேடா. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

இரண்டு நாள் கழித்து நான் அவள் படுக்கை விரிப்பை மாற்றும்போது மெத்தைக்கு அடியில் காரின் கையேடு கிடைத்தது. கார் டிராயரில் கிடந்த புத்தகம் அங்கே எப்படி வந்தது என்று புரட்டினேன். வண்டியை ஸ்டார்ட் செய்வது பற்றிய பக்கத்தில், விளக்கு அணையும்வரை காத்திருக்கச் சொல்லும் வரிக்குக் கீழே பென்சில் கோடு. ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப இழுத்ததில் தாள் பள்ளமாகியிருந்தது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதைச் சொல்ல மே மாதத்துக்குப் போக வேண்டும்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணி. குத்தம்பாக்கத்தில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான் புடவை கட்டி முடித்திருந்தேன். குளியலறையிலிருந்து வந்த என் கணவர் சட்டையில் பாதிப் பொத்தான்தான் போட்டிருந்தார். துடைத்துக்கொண்டு வந்த மனிதருக்கு உடம்பெல்லாம் வியர்வை. சோபாவில் உட்கார்ந்து, "இங்க யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்று நெஞ்சைக் காட்டினார்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். ஆனால் காத்திருக்க மனம் கேட்கவில்லை. வாசலில் நம் வண்டி தெருவைப் பார்த்துத் தயாராக நிற்கிறது. எங்கள் வேப்பம்பட்டிலிருந்து திருநின்றவூர் ஆஸ்பத்திரி என்ன பெரிய தூரம்! மகள் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அவளுக்கு லைசென்ஸ் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் பின்சீட்டில் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் சாவியை ஒரே மூச்சில் முழுதாகத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி திருப்பினாள், மறுபடியும். அப்போது என் தோளில் கண்ணை மூடிக் கிடந்தவர் சொன்னார்:

"ஜிலேபி போகட்டும்டா. அவசரப்படாதே."

அவள் கையை எடுத்தாள். மஞ்சள் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்து திருப்பினாள். அப்போதும் எடுக்கவில்லை. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு பாட்டரி இறங்கி, டக் டக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ஆம்புலன்ஸ் அதுவரை வரவில்லை. நான் இறங்கி ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எதிர்வீட்டுக்காரர் எழுந்து, லுங்கியோடு தன் காரை எடுத்து வந்து, நாங்கள் இவரைத் தூக்கி மாற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே இவர் கை குளிர்ந்திருந்தது. உள்ளே போய் வந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் யாரையும் குற்றம் சொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆனால் என் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

ஜிலேபி போகட்டும்டா என்பதுதான் என் கணவர் கடைசியாகப் பேசியது.

அதன் பிறகு வண்டி அதே இடத்தில் நின்றது. மேலே வேப்பம்பூ கொட்டி, காய்ந்து, மழையில் கரைந்து கோடு கோடாக வழிந்திருந்தது. மகள் அதைப் பார்க்காமல் கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து போவாள். கல்லூரிக்கு ரயிலில் போய்விட்டு வருவாள். சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விடுவாள். சிநேகிதிகளின் போனை எடுப்பதில்லை. மாலை ரயில் பத்து நிமிடம் தாமதமானால் ஸ்டேஷன் வாசலுக்கே போய் நின்றிருக்கிறேன். தண்டவாளத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றிருக்கிறேன். பெற்றவளுக்கு வரக்கூடாத நினைப்பெல்லாம் வந்தது. அப்பாவைத் தான்தான் கொன்றுவிட்டதாக நினைக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்தேன். அந்த நினைப்பை அவளிடமிருந்து எடுக்காவிட்டால் இவளையும் இழந்துவிடுவேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. "உன் தப்பு இல்லடா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்று எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பரில், வண்டி கண்ணெதிரே நிற்பதால்தான் ஆறவில்லை என்று நினைத்து, விற்க முடிவு செய்தேன். ஓடாத வண்டியை யார் வாங்குவார்கள்? ஸ்டேஷன் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வேறு பாட்டரி கொண்டுவந்து போட்டுச் சுற்றிப் பார்த்தார். எடுக்கவில்லை. டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொரு ஹீட்டர் பிளக்காகத் தொட்டுப் பார்த்தார்.

"டீச்சர், நாலுல ரெண்டு பிளக் அவுட்டு. அதான் எடுக்கல" என்றார். ஊருக்கே கேட்கிற குரல் அவருக்கு. "இந்த மாதிரி வண்டிய ஏறுன ஒடனே சாவிய திருப்புனா எப்டி டீச்சர் ஸ்டார்ட் ஆவும்? சூடாவறதுக்கு டைம் குடுக்கணும்ல? அவசரப்பட்டு திருப்பித் திருப்பியே பாட்டரியையும் கொன்னுட்டாங்கோ."

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மகள். நான் பார்த்ததும் உள்ளே போனாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை. மெக்கானிக்கைப் பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆவடியில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஒரு தடவை வந்த விடையை நம்பாதீர்கள், மறுபடி செய்து பாருங்கள் என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். எனக்கு அது நினைவுக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் பள்ளி வேன் டிரைவர்தான் பூந்தமல்லியில் டீசல் பம்ப் வேலை மட்டும் பார்க்கும் பாய் ஒருவரைச் சொன்னார். "எடுக்காத வண்டின்னா அவருகிட்டத்தான் டீச்சர். பேச்சு ஜாஸ்தியா இருக்கும், கண்டுக்காதீங்க."

பாய் ஒரு சனிக்கிழமை காலை டூவீலரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். சாமான்களை அரிசிப் பையில் போட்டு முன்னால் மாட்டியிருந்தார். மகளுக்கு அன்று கல்லூரி இருந்தது. ஏழரை மணி ரயிலுக்கே போய்விட்டாள்.

அவர் சாவியைக் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பாருங்க, பொத்துனு உள்ள பூடுது. டீசல் இருந்தா கல்லு மாதிரி நிக்கும். உள்ள வெறும் காத்துதான் கீது."

மே மாதத்தில் ஓர் அவசரத்துக்கு வண்டி எடுக்காமல் போனதைச் சொல்லி, ஹீட்டர் பிளக் இரண்டு போய்விட்டதாமே என்றேன்.

"போனா இன்னா? நம்ம ஊரு இன்னா ஊட்டியா டீச்சரம்மா? மே மாசம் மொட்ட மாடி டேங்க்ல முட்டைய போட்டா வெந்துடும். நாலு பிளக்கும் செத்துப்போயி ஓடிக்கினு கீற வண்டி இந்த பெல்ட்ல எத்தினி காட்டட்டும்?"

"அப்போ விளக்கு அணையறவரைக்கும் காத்திருக்காம திருப்பினா?"

"ரெண்டு சுத்து சேத்து சுத்தும், கொஞ்சம் வெள்ளப் புகை உடும். அவ்ளோதான். எடுக்காம பூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. கைப்பம்பை முப்பது நாற்பது முறை அழுத்தினார். அது மெல்ல மெல்ல இறுகியது. தான் கொண்டுவந்த பாட்டரியை மாட்டினார். பிறகு ஹீட்டர் பிளக்குக்குப் போகும் ஒயரை மொத்தமாகக் கழற்றி, என் கண்ணெதிரே ஆட்டிக் காட்டிவிட்டு, உட்கார்ந்து ஒரே திருப்பு. இரண்டு மூன்று சுற்றில் வண்டி உறுமி எழுந்தது. பின்னால் வெள்ளைப் புகை. ஐந்து மாதமாக அந்தச் சத்தம் வீட்டில் கேட்கவில்லை. தினமும் காலையில் அவர் ஆபீஸுக்குக் கிளம்பும் சத்தம் அது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் எதையும் கவனிக்காததுபோல் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வண்டியை அணைத்துவிட்டு, காற்று நுழையும் இடத்தைத் தேடினார். ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸைத் துடைத்து, வளைத்து, வெளிச்சத்தில் காட்டினார். கிளிப்புக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு.

"இதான் ஆளு. டீசல் வெளிய சொட்டாது, அதான் யாரு கண்ணுலயும் படல. காத்து மட்டும் உள்ள பூடும்."

துணியால் கையைத் துடைத்தபடி இரண்டடி பின்னால் போனார். வண்டியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"வண்டி எப்பவுமே இப்டித்தான் நிக்குமா? மூக்கு மேல தூக்கிக்கினு?"

எங்கள் தெருவில் மூன்று முறை ரோடு போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே கொட்டினார்கள். வீடு கட்டும்போது வாசலைவிடத் தெரு தாழ்வு, இப்போது வீடு பள்ளத்தில். கேட்டிலிருந்து உள்ளே சரிவாக இறங்க வேண்டும். இடமும் சின்னது. வண்டியின் ஒரு பாதி எப்போதும் சரிவின் மேல்தான் நிற்கும். தெருவில் எல்லோரும் ரிவர்ஸில் உள்ளே விட்டு, காலையில் நேராக ஏறிப் போவார்கள். என் கணவர் மட்டும் முன்பக்கத்தை உள்ளே விட்டு நிறுத்துவார். காலையில் என்னைத் தெருவில் நிற்கவைத்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறுவார். "ஊரே நேரா போகுது, நீங்க மட்டும் நண்டு மாதிரி" என்று கிண்டல் செய்வேன். "வண்டிக்குத் தலை கீழ இருந்தாத்தான் நல்லா தூக்கம் வருது, உனக்கென்ன?" என்பார்.

இதையெல்லாம் பாயிடம் சொன்னேன்.

"சார் வெவரமான ஆளும்மா" என்றார். "மூக்கு கீழ நின்னா பின்னாடி டேங்க் மேல இருக்கும். வெடிப்பு இருந்தாலும் டீசல் பம்புகிட்டயே நிக்கும். மூக்கு மேல நின்னா, விடியறதுக்குள்ள மொத்தமும் டேங்குக்கே எறங்கிப்பூடும். அப்பால எவன் வந்து சாவி போட்டாலும் இது காத்தத்தான் குடிக்கும். சாரு அத தெரிஞ்சுக்கினுதான் அப்டி உட்டிருக்காரு." குனிந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டே, வேலைப் பேச்சாகவே கேட்டார்: "அப்ப அன்னிக்கு ரிவர்ஸ்ல உட்டது யாரு?"

"நான்."

முந்தின நாள் மாலை அவர் அசதியாக இருக்கிறது, கேஸ் போல இருக்கிறது என்று படுத்துவிட்டார். நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு திருநின்றவூர் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கி வந்தேன். மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் அவரைக் கழுத்தைத் திருப்ப வைக்க வேண்டாம் என்று, நான்கு தடவை முன்னும் பின்னும் போய், கஷ்டப்பட்டு ரிவர்ஸில் உள்ளே விட்டேன். உள்ளே வந்து அதைப் பெருமையாகச் சொன்னதாகக்கூட நினைவு. அவர் தூங்கியிருந்தார்.

பாய் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "தெரியாம கேட்டுட்டேன் டீச்சரம்மா" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. மகளைப் பற்றித்தான் பேசினேன். கையேட்டையும் பென்சில் கோட்டையும் சொன்னேன், அந்தக் கடைசிப் பேச்சையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்கதான். ஒண்ணு சொல்றேன், கேளுங்க. டீசல்ல தண்ணி கலந்துடுச்சுன்னு சொல்லிடலாம். எந்த பங்க்லயோ போட்டது, ஃபில்டர் அடைச்சிக்கிச்சு. நானே பாப்பாகிட்ட சொல்றேன். பாப்பா மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல. யாருக்கும் கஷ்டம் இல்லாம பூடும்."

இதை மறைக்காமல் எழுத வேண்டும்: எனக்கு அது வேண்டியிருந்தது. "நம்புவாளா?" என்றுகூடக் கேட்டேன்.

"இன்னா இப்டி கேட்டுட்டீங்க? வண்டிக்கு மெக்கானிக்கு சொல்றதுதான் டாக்டர் சொன்ன மாதிரி."

டாக்டர் என்ற சொல்லில்தான் தெளிந்தேன். ஒரு டாக்டரும் ஒரு மெக்கானிக்கும் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் இந்த நிலைக்கு வந்திருந்தாள். இனி இன்னொருவர் வாய்ச்சொல்லை அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். கையேட்டைப் புரட்டுவாள், தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடுவாள், ஃபில்டரைக் கேட்பாள். பொய் என்று தெரிந்துவிட்டால், அதன் பிறகு நான் எந்த உண்மையைச் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. அவளே கண்ணால் பார்க்க வேண்டும்.

ஹோஸை மாற்ற வேண்டாம், மூன்று நாள் போகட்டும், ஒரு நாள் என் கணவர் விட்டதுபோலவும் மறுநாள் நான் விட்டதுபோலவும் நிறுத்தி அவளுக்கு எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். காற்று இருப்பதை வெளியிலிருந்து பார்க்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் பையைத் துழாவி ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் எடுத்தார். உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் அதைப் பொருத்தினார். வெடித்த ஹோஸை அப்படியே விட்டுவிட்டார். கைப்பம்பை எப்படி அழுத்துவது, ஒயரை எப்படிக் கழற்றுவது என்று என்னையே செய்யவைத்துப் பார்த்தார். கிளம்பும்போது, "மொத டெஸ்ட்டு போதும் டீச்சரம்மா. ரெண்டாவது வேணாம்" என்றார். பாட்டரியை விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கைப்பம்பை அழுத்தி, வண்டியைத் தெருவில் எடுத்து, என் கணவர் நிறுத்துவதுபோல முன்பக்கத்தை உள்ளே விட்டேன். தோழி ஒருத்தியிடம் நோட்டு வாங்கப் போயிருந்த மகள், கேட்டருகே வந்ததும் நின்றுவிட்டாள்.

"யார் எடுத்தது?"

"நான்தான். நாளைக்குக் காலையில அஞ்சே முக்காலுக்கு எழுந்து வா. ஒண்ணு காட்டணும்."

"எனக்கு ஒண்ணும் காட்ட வேணாம். வித்துத் தொலைம்மா அதை."

"விக்கறேன். ஒரு தடவை பார்த்துடு."

காலையில் தூறல். சென்னைக்கு அது குளிர். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள். பானெட்டைத் திறந்து, ஹீட்டர் ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டுக் காட்டினேன். பாதி சாவியில் நிறுத்தாமல் ஒரே திருப்பாகத் திருப்பினேன். வண்டி இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி எடுத்துக்கொண்டது.

அவள் அசையவில்லை. "மறுபடியும் செய்" என்றாள். நான் சாவியை அணைத்ததும் தலையாட்டினாள். "வேணாம். இப்ப இன்ஜின் சூடாயிடுச்சு, அது டெஸ்ட்டே இல்ல." பிறகு பானெட் அருகே வந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒயரை விரலால் தொட்டாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் அந்த வண்டியைத் தொட்டது அப்போதுதான்.

"மழையில, ஜிலேபி இல்லாமலே எடுக்குது" என்றாள் மெதுவாக. "அப்போ மே மாசத்துல ஏன் எடுக்கல?"

"நாளைக்குக் காட்டறேன்."

அன்று பள்ளியில் கரும்பலகையில் சமன்பாடு ஒன்றை இரண்டு முறை தப்பாக எழுதினேன். முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மிஸ், இன்னும் பேலன்ஸ் ஆகல" என்றாள். இன்னும் நேரம் இருக்கிறது, பாய் சொன்ன தண்ணீர்க் கதையைச் சொல்லிவிடலாம் என்று மாலை ரயில் வேப்பம்பட்டில் நிற்கும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல், மகளைக் கேட்டருகே நிற்கச் சொல்லி, வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டேன்.

"அப்பா இப்படி விட மாட்டாரே" என்றாள்.

கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் அதே நேரம். ஒயரை மாட்டியிருந்தேன். அவளே பானெட்டைத் தூக்கினாள். கண்ணாடி ஹோஸில் விரல்கடை அளவு டீசல் அடியில் தேங்கியிருந்தது. மற்றபடி காலி. சாவியைப் பாதி திருப்பினேன். ஜிலேபி எரிந்தது, அணைந்தது. அதன் பிறகும் அவள் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் காத்திருந்து முழுதாகத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது. அந்த மே மாதக் காலையின் அதே சத்தம். பற்றவில்லை. மறுபடி திருப்பினேன்.

"போதும்மா! நிறுத்து!"

இறங்கிப் போனேன். பானெட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். வெடித்த ஹோஸைக் காட்டினேன். சரிவைக் காட்டினேன். டீசல் எப்படி இறங்கிப் போகிறது என்று, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன்.

"நீ அன்னிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து திருப்பியிருந்தாலும் எடுத்திருக்காது. ஜிலேபிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. முந்தின நாள் ரிவர்ஸ்ல விட்டது நான்."

அவள் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா? எதுக்கு அப்படி நிறுத்தறோம்னு?"

"தெரிஞ்சுதான் இருக்கும்."

"அப்புறம் ஏன்மா நம்மகிட்ட சொல்லல? ஒரு ஹோஸ். மாத்தியிருக்கலாம்ல?"

"ஓடற வண்டியில கை வைக்கக் கூடாதும்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாக்கியத்தை அவர் மிக்ஸிக்கும் சொல்வார், மின்விசிறிக்கும் சொல்வார். போன வருடம் அவருக்கு நெஞ்சு வலித்து, டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது தன் உடம்புக்கும் அதையேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே இருந்தவள் பானெட் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். பால்காரர் வந்து, பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சியபடி, "நீ ஒண்ணும் வேணும்னு பண்ணலையேம்மா" என்றாள்.

"நீயும்தான் வேணும்னு பண்ணல."

"நான் பண்ணவே இல்லன்னு இப்பத்தானே சொன்னே?"

"ஆமாடா. நீ பண்ணவே இல்ல."

"அப்பா கஷ்டப்பட வேணாம்னுதானே திருப்பி விட்டே? உன் மேலயும் தப்பு இல்லன்னு நான் சொன்னா நம்புவியா?"

"நம்பறேன்."

என் முகத்தைப் பார்த்தாள். "பொய். டீச்சர் மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ற."

அன்று மாலை பாய் வந்து ஹோஸையும் கிளிப்பையும் மாற்றினார். போன இரண்டு பிளக்குகளையும் மாற்றிவிட்டார். "ரெண்டு டெஸ்ட்டும் பண்ணீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவர் பேசவே இல்லை. வேன் டிரைவர் சொன்னதை நம்பியவர்கள் அன்றைக்கு அவரைப் பார்த்திருந்தால் வேறு ஆள் என்று நினைத்திருப்பார்கள். இப்போது வண்டியை எப்படி நிறுத்தினாலும் எடுக்கிறது. இன்னும் விற்கவில்லை.

மகள் சாப்பிடுகிறாள். போனில் சத்தமாகப் பேசுகிறாள். என்னோடு சண்டை போடுகிறாள். அவளுக்காக நான் செய்த சோதனை அவளுக்கு வேலை செய்தது. எனக்கு அப்படி ஒரு சோதனை இல்லை. வண்டி எடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எந்தக் குழாயிலும் பார்க்க முடியாது. டாக்டர் சொன்ன "கொஞ்சம் முன்னாடி" எத்தனை நிமிடம் என்று கேட்க ஒருமுறை அந்த ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். உள்ளே போகாமல் திரும்பினேன்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே அப்படியே நின்றுவிடுகிறேன் போலிருக்கிறது. இப்போதெல்லாம் அவள்தான் என்னைக் கவனிக்கிறாள். இடைவேளைகளில் போன் செய்து சாப்பிட்டாயா என்கிறாள். மாலையில் என் ரயில் தாமதமானால் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, கடைத்தெரு தாண்டியதும், என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்கிறாள்.

"இன்னிக்கு?"

முதல் நாள் எனக்குப் புரியவில்லை. "உன் மேல தப்பு இல்லன்னு நம்பறியான்னு கேக்கறேன். நீ நம்பற வரைக்கும் தினம் கேப்பேன்" என்றாள்.

நேற்றும் கேட்டாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். "இன்னும் இல்லடா" என்றேன்.

"சரி" என்றாள். மழைநீர் தேங்கிய இடத்தில் என் கையைப் பிடித்துத் தாண்டவைத்தாள். கையை விடாமலே நடந்து வந்தாள்.